கூடைக்கு வெளியே இருந்தது பைரி

உள்ள வாங்க தம்பி, செருப்பு அங்கேயே கெடக்கட்டும். நாகர்கோயில்ல இருந்து பஸ்ஸுலயா வந்தீய? உக்கார எடம் கெடச்சுதா, நின்னுக்கிட்டே வந்தீயளா? இந்த ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. ஏ கோமு, லென்சு பாக்கத் தம்பி வந்திருக்காவ, காப்பி போடு.

லென்சு அந்தக் கறுப்புப் பையில இருக்கு. நீங்களே எடுங்க. செல்போன் டார்ச்ச பின்னால இருந்து அடிச்சு, முன்னால கண்ண வச்சுப் பாருங்க. பூஞ்சை புடிச்சிருந்தா ஒட்டடை கணக்காத் தெரியும். இதுல தெரியாது. நான் ஸ்டூடியோக்காரன் தம்பி, பிள்ளைய வச்சிருக்க மாதிரி வச்சிருக்கேன். நல்லாப் பாத்துக்கிடுங்க, பொறவு நயினார் ஏமாத்திட்டான்னு யாரும் சொல்லக் கூடாது. சொல்லுத பேச்செல்லாம் இப்ப போதும் போதும்னு ஆயிப்போச்சு.

ஏன் விக்கீயன்னு போன்ல கேட்டீயள்லா. கண்ணு செரியில்லன்னு சொன்னேன். என் கண்ணுக்கு என்ன கேடு? இன்னைக்கும் அந்த எதுத்த வீட்டு மாடியில காயுத துணியில எத்தன கிளிப்புன்னு சொல்லிருவேன். கண்ணு இல்ல காரணம். இவ்வளவு தூரம் வந்திருக்கீய, நீங்களும் இப்பதான் பறவப் படம் எடுக்க ஆரம்பிக்கீய. உங்களுக்கு இது தெரியணும். எந்த ஊரு ஆளுங்க கூட சேரக் கூடாதுன்னாவது தெரியும்லா.

அந்தா, செவத்துல பாருங்க. அலமாரிக்கு மேல. அதுதான் படம்.

எப்படி இருக்கு? எந்திரிச்சுப் போய்க் கிட்ட நின்னு பாருங்க. ரெக்கைய விரிச்சுக்கிட்டுப் பாறை மேல எறங்குது, காலு ரெண்டும் முன்னால நீட்டி, கண்ணு நேரா நம்மளப் பாக்கு. அந்தக் கண்ணுல வெளிச்சப் புள்ளி விழுந்திருக்கு பாத்தீயளா? சூரியன் பாறை மேல அடிச்சுத் திரும்பி விழுந்த வெளிச்சம். காத்துல ஒரு புறா எறகு பறக்குது, அதுவும் செரியான எடத்துல. இப்படி ஒரு படம் எடுக்கணும்னா பூர்வ ஜென்மப் புண்ணியம் வேணும் தம்பி. இது பைரி. பருந்து இல்ல, கழுகு இல்ல. வானத்துல பறக்குத புறாவ மேல இருந்து கல்லு விழுத மாதிரி விழுந்து அடிக்குமே, அந்தச் சாதி. அந்தக் காலத்துல ராசாக்கமாரு கையில வச்சு வேட்டைக்குப் பழக்குனது இதத்தான். அதுதான் இப்ப என் தலையெழுத்த மாத்திட்டு.

இந்தப் படத்தப் பாத்துட்டு ஒரு ஆளு சொன்னாவ, 'இது வளத்த பறவ சார், காட்டுப் பறவ இல்ல'ன்னு. யாரு சொன்னா? சொல்லுதேன்.

பாளையங்கோட்டையில நயினார் ஸ்டூடியோன்னா எல்லாருக்கும் தெரியும். எதுக்குத் தெரியும்? பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்குத் தெரியும். காது தெரியணும், கொஞ்சம் தலையத் திருப்புங்க, மூச்ச புடிங்க, ஆச்சு. கல்யாணம் எடுத்தாச்சு, சடங்கு எடுத்தாச்சு, செத்தவியளக் கூட உக்கார வச்சு எடுத்தாச்சு. அந்தப் படத்தையெல்லாம் பாத்து ஒருத்தராவது 'யாரு எடுத்தது?'ன்னு கேட்டிருப்பாவளா? பொண்ணு லட்சணமா இருக்கான்னு சொல்லுவாவ. நல்லாயில்லன்னா மட்டும் என் பேரு ஞாபகத்துக்கு வரும். பொறவு இந்தப் பறவைக்காரங்க மன்றம், 'பொருநைப் பறவைப் பட மன்றம்'னு ஒண்ணு இருக்கு, அதுல சேந்தேன். எல்லாரும் பேராசிரியரு, பேங்க் மேனேஜரு, கண் டாக்டரு. நான் போய் உக்காந்தா, 'வாங்க நயினார், எங்க குரூப் போட்டோவ நீங்களே எடுத்துருங்க'ம்பாவ. அதுக்குத்தான் நான் லாயக்கு. வருசத்துக்கு ஒரு கண்காட்சி வைப்பாவ. அந்தச் செவத்துல என் படம் ஒண்ணு தொங்கணும், கீழ என் பேரு இருக்கணும், எல்லாரும் நின்னு 'யாரு எடுத்தது?'ன்னு கேக்கணும். அவ்வளவுதான் தம்பி எனக்கு ஆச. பெரிய ஆசயா இது?

மன்றத்துல ஒரு சட்டம். காட்டுல சுயமாத் திரியித பறவையத்தான் எடுக்கணும். வளத்தது, கூண்டுல இருந்தது, காலுல தோல்வாரு கட்டிப் பழக்குனது எதுவும் கூடாது. நல்ல சட்டம்தான், நான் குத்தம் சொல்லல. அதப் பாத்துச் சொல்லுதது ஹெலன் பாக்கியவதி மேடம். காலேஜுல விலங்கியல் எடுத்தவிய. படத்தப் பெருசாக்கி, கால், வாலு, நகம், மூக்குன்னு ஒண்ணு ஒண்ணாப் பாப்பாவ. கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டு அவிய பாக்குதத பாத்தா, நாம குத்தவாளிக் கூண்டுல நிக்கோமோன்னு தோணும்.

சரி, பறவைக்கு வாரேன்.

மானூரு பக்கம் வேல நின்னு போன குவாரி ஒண்ணு இருக்கு. அடியில தண்ணி, மேல செங்குத்தாப் பாறை. மாசி மாசம் நான் அங்க மீன்கொத்தி எடுக்கப் போயிருந்தேன். மேல ஒரே கூப்பாடு. பாத்தா, பாறை இடுக்குல பைரி குஞ்சு பொரிச்சிருக்கு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. யாருக்கும் சொல்லல. கோமுக்கு மட்டும் சொன்னேன். மறுநாளே பச்சத் துணிக் கூடாரம் ஒண்ணு தச்சு, எதுத்த விளிம்புல போட்டு உள்ள உக்காந்துட்டேன். கொஞ்ச நாளு போனதும் இன்னும் கிட்டப் போட்டேன். பொறவு இன்னும் கொஞ்சம். கிட்டப் போனாத்தான முகம் வரும்? ஆத்தாளும் அப்பனும் என் தலைக்கு மேலயே சுத்திச் சுத்திக் கத்திக்கிட்டு இருக்கும். பழகுததுக்கு அதுக்கும் கொஞ்சம் நேரம் வேணும்லா. நான் கோவிச்சுக்கிடல.

என்ன நெனச்சுதோ, பங்குனி பாதியில அதுக ரெண்டும் வரத்து கொறஞ்சு போச்சு. குஞ்சு ஒண்ணு காணாமப் போச்சு. இன்னொண்ணு பறக்கப் பழகி, பாறைக்குப் பாறை தத்திக்கிட்டு, பசியில கெடந்து கத்துது. தாயும் தகப்பனும் இப்படி விட்டுட்டுப் போனா அது என்ன செய்யும்? பறவையிலயும் பொறுப்பில்லாததுக இருக்கு தம்பி. நான் பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியுமா? சந்தையில ஒரு புறா வாங்கிட்டுப் போய் விட்டேன். இல்லன்னா அது செத்திருக்கும். இத யாரும் கணக்குல எடுக்க மாட்டேங்காவ.

இருங்க, காப்பி வந்துட்டு. எடுத்துக்கிடுங்க. இவதான் கோமு, என் வீட்டுக்காரி. நீ நின்னு கேக்காண்டாம், அடுப்புல ஏதோ வச்சிருக்க போலருக்கு, போ.

அவளுக்கு இந்தக் கதயே புடிக்காது. வேற மாதிரி புடிக்காது. அவ என்ன சொல்லுதா தெரியுமா? 'ஆமா, வளத்தேன்னு சொல்லிட்டுப் போங்களேன். வாயில்லாத சீவன வளத்தா என்ன, அது பாவமா? ஊருல எல்லாரும் நாய் வளக்கல, கிளி வளக்கல?' அப்படிங்கா. ஈரல் வாங்கி நறுக்கி டப்பாவுல போட்டுக் குடுத்து விடுவா. அதுக்குப் பொம்மின்னு ஒரு பேரு வேற. எனக்கு ரத்தம் கொதிச்சுது. 'பேரு வைக்காத, அது காட்டுப் பறவ'ன்னு சத்தம் போட்டேன். வளக்கிறதாம், வளக்கிறது! நான் வளத்திருந்தா ஒத்துக்கிட்டுப் போறேன். வளக்கலயே!

சரி. புறாவ விட்டனா? அது ஒரே அடியில தூக்கிக்கிட்டு உச்சிக்குப் போயிருது. எனக்குக் கெடைக்கது அதோட முதுகும் வாலும். முதுகப் படம் புடிச்சு என்ன செய்ய? கல்யாண வீட்டுல பொண்ணு மாப்பிள்ளையே நாம 'இங்க பாருங்க, இங்க பாருங்க'ன்னு நிப்பாட்டுனாத்தான் நிப்பாவ. அதுக்கும் ஒரு ஏற்பாடு வேணும்லா. புறா கால்ல தூண்டில் நரம்பக் கட்டி, மறு முனைய ஒரு கல்லுல கட்டி வச்சேன். கேட்டுக்கிடுங்க, புறா கால்ல. பைரி கால்ல இல்ல. இது முக்கியம். பைரி வந்து அடிக்கும், தூக்கப் பாக்கும், கல்லு வராது, அங்ஙனயே உக்காந்து கிழிக்கும். எனக்கு முகம் வரும், கண்ணு வரும், வெளிச்சப் புள்ளி வரும்.

இதுல கட்டி வைக்கதுன்னா யாரக் கட்டினேன்? புறாவத்தான. புறாவப் பத்தி மன்றத்துச் சட்டத்துல ஒரு வார்த்த கெடையாது.

ஒரு தடவ அந்த நரம்பு சுத்திக்கிட்டு. பைரியோட இடது கால்ல. இழுத்துப் பாத்துது, வரல. ரெக்கைய அடிச்சுக்கிட்டுக் கெடந்துது, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. பொறவு பல்லால கடிக்க மாதிரி மூக்கால வெட்டி, மிச்ச நரம்போட பறந்து போச்சு. கொஞ்சூண்டு, நூலு மாதிரி, கால்ல ஒட்டிக்கிட்டுத் தொங்குது. நீங்களும் கேப்பீய, எல்லாரும் கேட்டாவ, 'அப்பமே புடிச்சு வெட்டி விட்டிருக்கலாம்லா'ன்னு. கேட்டா எனக்குச் சிரிப்பா வருது. எட்டுத தூரத்துல வந்து உக்காரும் தம்பி. ஒரு துண்டப் போட்டா புடிச்சிருக்கலாம். ஆனா காட்டுப் பறவையத் தொடக் கூடாது. அது மொதச் சட்டம். தொட்டா அது காட்டுப் பறவயா இருக்காது. இன்னைய வரைக்கும் இந்தக் கை அத ஒரு தடவ தொட்டதில்ல. சத்தியம் பண்ணச் சொல்லுங்க, நெல்லையப்பர் கோயில்ல வந்து பண்ணுதேன். தன்னால அந்து விழுந்துரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். தெனமும் அந்தக் காலத்தான் மொதல்ல பாப்பேன்.

நரம்பு இப்படி ஆயிட்டேன்னு நானே யோசிச்சு அத நிப்பாட்டிட்டேன். யாரும் சொல்லல, நானே. அதுக்குப் பதிலா ஒரு கம்பிக் கூடை. கோழிக்குஞ்ச மூடி வைப்பாவள்லா, அது மாதிரி கம்பில பின்னுனது. புறாவ அதுக்குள்ள மூடி வச்சேன். எப்படி யோசன? பைரிக்குப் புறா தெரியும், ஆனா எட்டாது. அதனால போகாது. கூடையச் சுத்திச் சுத்தி வரும், மேல ஏறும், எறங்கும், ரெக்கைய விரிக்கும், வால வச்சுக் கம்பியில ஊனிக்கிட்டுத் திரும்பும். எத்தன போஸு! வெயிலு செரியா விழுத வரைக்கும் அது அங்ஙனயே நிக்கும். எல்லாம் எடுத்து முடிச்சுட்டு, கூடைய ஒரு குச்சியால தள்ளி விட்டுருவேன். நான் பாவம் பாக்காதவன் இல்ல, வேல முடிஞ்சா அதுக்குச் சாப்பாடு உண்டு. செவத்துல இருக்கே, அந்தப் படம் அப்படி எடுத்ததுதான். படத்துல கீழ கூடை இருந்துச்சு, அத வெட்டிட்டேன். அதெல்லாம் எல்லாரும் செய்யதுதான்.

ஆவணியில கண்காட்சி. படத்தக் குடுத்தேன். நாலஞ்சு பேரு தோள்ல தட்டுனாவ. கண் டாக்டரு, 'நயினார், நீங்களா எடுத்தது?'ன்னு கேட்டாரு. கேட்டுட்டாருல்லா! எனக்கு அன்னைக்குச் சாப்பாடே எறங்கல.

மறுநாளு ஹெலன் மேடம் என்னத் தனியாக் கூப்பிட்டாவ. கம்ப்யூட்டர்ல என் படம். பெருசாக்கி வச்சிருக்காவ. 'நயினார் சார், தப்பா நெனக்காதீங்க. இந்தப் பறவ வளப்புப் பறவன்னு எனக்குச் சந்தேகம். இதோ, இடது காலு. வெரலுக்கு மேல சுத்தி வளையம் போல செதில் தேஞ்சிருக்கு. தோல்வாரு கட்டுன பறவைக்குத்தான் இப்படி வரும்' அப்படின்னாவ.

'தோல்வாரா? மேடம், அது நரம்பு. நான் புறாவுக்குக் கட்டுன நரம்பு சுத்திக்கிட்டு. பைரிக்கு நான் ஒண்ணும் கட்டல'ன்னேன்.

அவிய படத்த நகத்தி வாலுக்குக் கொண்டு போனாவ. 'சரி. இந்த வாலப் பாருங்க. எறகு நுனியெல்லாம் ஒரே அளவுல ஒடஞ்சிருக்கு. கூண்டுக் கம்பியில ஒரசுன பறவைக்குத்தான் இந்த மாதிரி ஒடயும். காட்டுல தானா விழுத எறகு இப்படி இருக்காது.'

'மேடம், கூண்டு இல்ல, கூடை. அதுக்குள்ள இருந்தது புறா. பைரி வெளியதான இருந்துச்சு!'

இதுக்கு என்ன பதில் சொல்ல முடியும்? உள்ள இருந்தாத்தான கூண்டுப் பறவ? வெளிய இருந்தா? நீங்களே சொல்லுங்க. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவிய கண்ணாடியக் கழத்தித் தொடச்சாவ. பொறவு மெதுவா, 'வாயத் தொறந்து உங்களப் பாக்கு சார். குஞ்சு ஆத்தாகிட்ட எரை கேக்குத மாதிரி. இந்த வயசுக்கு இது தானா வேட்டையாடணும்'னாவ. நான் சொன்னேன், 'அது என் முகம் பாத்துப் பழகிட்டு மேடம், நான் போனா சந்தோசத்துல கூப்பிடும்'. சொல்லிட்டு எனக்கே பெருமையா இருந்துது.

மேடம் படத்த எடுத்துட்டாவ. செவத்துல ஆணி மட்டும் இருந்துது. எல்லாரும் அந்த ஆணியப் பாத்துட்டு என்னப் பாத்தாவ. பாஸ்போர்ட் சைஸ் நயினார் திருட்டுத்தனமா வளத்த பறவையக் காட்டுல எடுத்தேன்னு கொண்டு வந்துட்டான். அப்படித்தான நெனப்பாவ? மானம் போச்சு தம்பி. அந்தக் கூட்டத்துல யாரும் என்னப் பாத்துச் சிரிக்கல, சிரிச்சிருந்தாக் கூட சண்ட போட்டிருப்பேன்.

நான் விடல. 'வாங்க, வந்து பாருங்க. குவாரிக்கு வந்து உங்க கண்ணால பாருங்க. அது சுயமாப் பறக்கு, சுயமாத் திரியிது'ன்னேன். மேடம் ஒத்துக்கிட்டாவ. கண் டாக்டரும் கூட வாரேன்னாரு.

அப்ப ஒரு யோசன பண்ணினேன். அவிய வரும்போது அது வேட்டையாடுதத அவிய பாக்கணும். வானத்துல இருந்து விழுந்து ஒரு புறாவ அடிச்சுட்டா எல்லாரு வாயும் அடஞ்சு போகும். அதுக்குப் பசி வேணும்லா? அதனால நான் குவாரிப் பக்கமே போகல. கோமு ஈரல் டப்பாவ எடுத்து வச்சா, வேண்டாம்னுட்டேன். அவ அழுதா. 'ரெண்டு நாளு பட்டினி கெடந்தா அதுக்குப் பழைய ரோசம் வரும், காட்டுப் பறவ பட்டினி கெடக்கும், அது அதுக்குப் பழக்கம்'னேன். மனசு கேக்கலதான். ஆனா இது அதோட பேருக்கும் என் பேருக்கும் சேத்துத்தான தம்பி.

அந்தக் காலையில நாங்க மூணு பேரும் குவாரிக்குப் போறோம். வானத்துல ஒண்ணும் இல்ல. புறாக்க கூட்டமாத் தண்ணி குடிக்க எறங்குது, எதுவும் பயப்படல. பைரி இருக்க எடத்துல புறா இப்படி சாவகாசமாத் தண்ணி குடிக்காது. நான் கூடாரத்துப் பக்கம் போயி நின்னேன். அம்புட்டுதான். பாறைக்குப் பின்னால இருந்து சத்தம். பறந்து வரல தம்பி. தத்தித் தத்தி, ஒத்தக் கால ஊனி, ஒத்தக் காலத் தூக்கிக்கிட்டு, நடந்து வந்துது. என் காலடியில வந்து நின்னு, அண்ணாந்து பாத்து, வாயத் தொறந்து கத்துது. நிப்பாட்டவே இல்ல. 

எனக்கு எங்க முகத்தக் கொண்டு போய் வைக்கன்னு தெரியல. 'போ, பற, பற'ன்னு கையக் காட்டுதேன். கையக் காட்டுனா எரை வருதுன்னு நெனச்சு இன்னும் கிட்ட வருது. சனியன் புடிச்சது, அன்னைக்குன்னு பாத்து என் மானத்த வாங்கிட்டு.

மேடம் கீழ உக்காந்து அந்தக் காலத்தான் பாத்தாவ. 'நயினார் சார், காலப் பாருங்க'ன்னாவ. எனக்குத் தெரியாததா? கொஞ்ச நாளாவே வீங்கித்தான் இருந்துது, கறுத்துப் போயிருந்துது. நரம்பு சதைக்குள்ள போயிருக்கு, வெளிய தெரியல. அதனால நான் அது விழுந்துட்டுன்னு நெனச்சிருந்தேன். அவிய கழுத்துல கெடந்த துண்ட எடுத்துத் தரையில விரிச்சாவ. அது அவிய கையில ஏதோ இருக்குன்னு நெனச்சுத் தானா துண்டுக்குள்ள நடந்து போச்சு. மூடித் தூக்கிக்கிட்டாவ. கண் டாக்டரு என் பக்கம் திரும்பவே இல்ல. வண்டியில மேடம் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாவ. 'நீங்க இத வளத்தீங்கன்னு நெனச்சேன் சார். வளத்திருந்தாலும் பரவாயில்லன்னு இப்ப தோணுது' அப்படின்னாவ. கோமு சொன்ன மாதிரியே சொல்லுதாவ பாத்தீயளா. பொம்பளைய எல்லாரும் ஒண்ணு கூடிக்கிடுவாவ. அவியளுக்கு இது போதும், வளத்ததுன்னு நிரூபிச்சாச்சு. படத்தையும் தள்ளியாச்சு, பறவையையும் தூக்கிட்டுப் போயாச்சு.

இப்ப வனத்துறை காப்பகத்துல இருக்கு. அந்தக் காலு போச்சு. அங்க உள்ள மிருக டாக்டரு எடுத்துட்டாரு. இல்லன்னா விசம் ஏறி உசுரு போயிருக்குமாம். ஒத்தக் கால்ல பைரி என்ன செய்யும்? கால்தான அதுக்குக் கையி, ஆயுதம் எல்லாம். வானத்துல விட முடியாதுன்னுட்டாவ. சாவுத வரைக்கும் கூண்டுதான்.

நான் பாக்கப் போனேன். கோமுவும் வந்தா. தூரத்துல வரும்போதே என்னத் தெரிஞ்சுக்கிட்டு. உத்திரத்துல இருந்து எம்பி வந்து கம்பியில மோதுது. விழுது, எந்திரிச்சு மறுபடி மோதுது. நெத்தியில ரத்தம். கோமு சேலத் தலப்ப வாயில வச்சுக்கிட்டு வெளிய ஓடிட்டா. டாக்டரு நல்ல மனுசன், சின்ன வயசு. என் கையப் புடிச்சு, 'அண்ணாச்சி, நீங்க வந்தா அது அடிபட்டுக்கிடுது. இனிமே வராதீங்க' அப்படின்னாரு.

நான் ஹெலன் மேடத்துக்குப் போன் போட்டேன். 'மேடம், அது கம்பிய ஏத்துக்கிடல. மோதுது. வளத்த பறவயா இருந்தா கம்பிக்குப் பழகியிருக்கும்லா? இப்பவாவது ஒத்துக்கிடுங்க, அது காட்டுப் பறவதான்'னேன். எதுத்த பக்கம் மூக்க உறிஞ்சுத சத்தம் கேட்டுது. அழுதாவளோ என்னமோ. பொறவு வச்சுட்டாவ. மன்றத்துல என்ன யாரும் வராதேன்னு சொல்லல. நான்தான் போகல. குவாரிக்கும் போனேன் ஒரு தடவ. லென்சுல பாத்தா வெறும் பாறை. புறா பீச்சி வச்சிருக்கு, அந்த இடுக்குலயே புறா கூடு கட்டியிருக்கு. அதுக்கப்புறம் இத எடுக்கவே தோணல. ஸ்டூடியோவுல பிள்ளைய வந்து உக்காந்து வாயத் தொறந்தா, அந்தச் சத்தம் வருமோன்னு நான் கேமராவக் கீழ வச்சுருதேன். இப்ப பாஸ்போர்ட் சைஸும் வேற பையனத்தான் எடுக்கச் சொல்லுதேன்.

அதான் தம்பி காரணம். கண்ணு இல்ல.

லென்சு உங்களுக்குத்தான். நீங்க சொன்ன வெலையே போதும், அதுலயும் கொறச்சுக்கிடுங்க. வேணும்னா சும்மாவே கொண்டு போங்க. ஒரே ஒரு காரியம் எனக்காகச் செய்யணும். ஞாயித்துக்கெழம காப்பகத்துல சனங்கள உள்ள விடுவாவ. உங்கள அதுக்குத் தெரியாது, அதனால கத்தாது, மோதாது, அது பாட்டுக்கு உக்காந்திருக்கும். லென்ச கம்பியோட ஒட்ட வச்சு, லென்சோட வாய, அதான் அப்பர்ச்சர, முழுசாத் தொறந்து வச்சு எடுத்தீயன்னா கம்பி தெரியாது. காணாமப் போயிரும். வலது பக்கமா நில்லுங்க. இடது பக்கம் போயிராதீய. பறவ ஒத்தக் கால எறகுக்குள்ள மடக்கிக்கிட்டு நிக்கது வழக்கம்தான், பாக்கவிய அப்படித்தான் நெனச்சுக்கிடுவாவ. பின்னால செவத்துல காலை வெயிலு விழும்போது பாறை மாதிரியே இருக்கும், நான் பாத்து வச்சிருக்கேன். எடுத்து மன்றத்துக்கு உங்க பேருலயே அனுப்புங்க. என் பேரு வேண்டாம், எனக்கு இனிமே பேரு என்னத்துக்கு? கீழ, 'காட்டுப் பறவை'ன்னு மட்டும் போட்டுருங்க.

ஏன் தம்பி எந்திரிக்கீய? லென்ச ஏன் கீழ வச்சுட்டீய? நான் பொய்யி ஒண்ணும் சொல்லச் சொல்லல. அது பொறந்தது பாறை இடுக்குல, ஆத்தா அப்பன் ரெண்டும் காட்டுல திரியித பைரி, நான் கண்ணால பாத்தேன். யாராவது ஒருத்தர் அத வெளிய சொல்லணும்லா. நான் சொன்னா மேடம் நம்பல, கண் டாக்டரு நம்பல, வீட்டுல கோமு கூட நம்பல.

அதுவே நம்ப மாட்டேங்கு தம்பி. என்னக் கண்டா வாயத் தொறக்கு.